குமரி மாவட்டத்தில் இன்னும் வீடு கட்டத்தான் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எங்காவது நாலு மாடியில் எட்டு வீடு வரப்போகிறது என்று தெரிந்தாலே, தெருவில் எதிர்ப்பு மனுவுக்குக் கையெழுத்து வாங்க ஆள் கிளம்பிவிடுகிறது. இன்னொரு பக்கம், வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, மனை விலை கையில் நிற்கவில்லை, ஊருக்குள்ளேயே கூடுதல் வீடு கட்ட வழிவிடுங்கள் என்று கேட்கிற குரலும் வருடாவருடம் பலமாகிறது. நான் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வயலையும் குளத்தையும் தொடக்கூடாது. ஏற்கெனவே வீடு இருக்கிற புரையிடங்களிலும் (வீட்டு மனைகளிலும்) டவுனுக்குள்ளும் நெருக்கமாக, மேல்நோக்கிக் கட்ட வேண்டும். இந்தப் பேச்சு வரும் இடமெல்லாம் அதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கு என் பதில்களை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

எங்கே பார்த்தாலும் வீடாகத்தானே கிடக்கிறது, இன்னும் எதற்கு?

களியக்காவிளையில் பஸ் ஏறி நாகர்கோவில் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் ஒரு ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியாது, அது உண்மை. 2011 கணக்கெடுப்புப்படி மாவட்டத்தில் 18,70,374 பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டின் சராசரி 555. சென்னைக்கு அடுத்தபடி நெருக்கமான மாவட்டம் நம்முடையதுதான்.

ஆனால் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து வீட்டுத் தேவையைக் கணக்குப் போடக்கூடாது, அடுப்பு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 2001-க்கும் 2011-க்கும் நடுவே மக்கள்தொகை கூடியது 12 சதவீதத்துக்கும் குறைவு. அதே காலத்தில் குடும்பங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. அப்பா அம்மாவும் கல்யாணமான இரண்டு பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த வீட்டில் இன்று மூன்று அடுப்பு எரிகிறது, மூன்று கதவும் தேவைப்படுகிறது. பத்து சென்ட் புரையிடத்தை மூன்றாகப் பங்கு வைத்தால் ஆளுக்கு மூன்றேகால் சென்ட் வரும், அதில் வழிக்கு விட்டது போக என்ன மிஞ்சும்? இதற்கு மேல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, டவுனைச் சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகள், இன்ஜினியரிங் கல்லூரிகள், கடைகள் என்று வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் எங்காவது தூங்கித்தானே ஆக வேண்டும்.

வாடகை வீடு கிடைக்கிறதே, தேடினால்?

கிடைப்பது என்ன என்று பாருங்கள். நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்த ஒரு நர்ஸ் வீடு தேடுகிறார் என்று வையுங்கள். முதலில் காட்டுவது மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறையாக இருக்கும். ஏறுவதற்கு வெளிப்பக்கம் ஒரு இரும்புப் படி, மழையில் வழுக்கும். தண்ணீருக்குக் கீழ்வீட்டு மோட்டாரை வீட்டுக்காரர் எப்போது போடுகிறாரோ அப்போதுதான். மதியம் இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்க முடியாது. அதற்கும் முன்னால் கேள்விகள் வரும்: கல்யாணம் ஆகிவிட்டதா, எந்த ஊர், என்ன ஆட்கள், கோயிலா சர்ச்சா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள். அத்தனைக்கும் பதில் சொல்லித் தேறினால்தான் சாவி.

வீடு குறைவாக இருக்கிற ஊரில் வீட்டுக்காரர் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார். வீடு நிறைய இருக்கிற ஊரில் ஆள் வீட்டைத் தேர்ந்தெடுப்பார். நான் கூடுதல் வீடு கேட்பதற்கு முதல் காரணமே இதுதான்.

ஒற்றிக்கு எடுத்துவிட்டால் வாடகைத் தொல்லை இல்லையே?

மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது நம் பக்கத்தில் பழகிய வழிதான், கையில் பணம் இருப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடும்கூட. தவணை முடியும்போது பணம் திரும்பி வருமா என்பதுதான் ஆபத்து. வீட்டுக்காரர் பெரும்பாலும் அந்தப் பணத்தை வேறெங்கோ போட்டிருப்பார், அடுத்த ஒற்றிக்காரர் வந்தால்தான் உங்களுக்குக் கிடைக்கும். வெள்ளைத்தாளிலோ இருபது ரூபாய் பத்திரத்திலோ எழுதிக் கைமாற்றாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள், அதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டு அந்த வீட்டின் மேல் பேங்க் கடன் இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்ஃப்காரர்கள் கட்டிப் பூட்டிப் போட்ட வீடுகள் அத்தனை இருக்கே. அதைத் திறந்தாலே போதாதா?

இதைக் கேட்கிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரப்பர் விளைக்கு நடுவே மூவாயிரம் சதுர அடியில் வீடு நிற்கும், கேட்டில் பூட்டுத் தொங்கும், மாதம் ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா வந்து தூத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் துபாயிலோ கனடாவிலோ இருப்பார்கள்.

ஆனால் அந்த வீடு இந்தப் பிரச்சினைக்கு மருந்தாகாது. ஒன்று, அது இருக்கும் இடம். வேலை நாகர்கோவிலில், வீடு அருமனைக்கு அப்பால் ஒரு மண்ரோட்டில் என்றால் யார் போய் இருப்பார்கள்? அப்புறம் அதன் அளவு. வாடகைக்குத் தேடுகிற குடும்பத்துக்கு இரண்டு அறை வேண்டும், ஆறு அறை அல்ல. வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயமும் வீட்டுக்காரர்களுக்கு உண்டு, அதை ஓரளவு போக்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொண்டால், தவணை முடிந்து ஆள் போகாவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது. பூட்டிய வீடு டவுனுக்குள் இருந்தால் தயவுசெய்து விடுங்கள். அது நாலு குடும்பத்துக்கு உதவும், நாலாயிரம் குடும்பத்துக்குப் போதாது.

கூடுதல் வீடு என்றாலே வயலை நிரப்புவதுதானே? அதைத்தான் நீங்கள் ஆதரிக்கிறீர்களா?

இல்லை. இதைத் தடுக்கத்தான் நான் மாடி கேட்கிறேன்.

மாவட்டத்தின் கிழக்குப் பக்கமான நாஞ்சில் நாடு என்றாலே நெல்தான். 1906-இல் கோதையாற்றில் பேச்சிப்பாறை அணை வந்தது, பிறகு பெருஞ்சாணி வந்தது, தோவாளை சானலும் அனந்தனாறு சானலும் நாஞ்சில் புத்தனாறும் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போக, இரண்டு போகம் விளைந்த ஏலாக்கள் (வயல்வெளிகள்) எத்தனை! இப்போது அவற்றில் பெரும்பகுதி தென்னை, வாழை, இல்லையென்றால் மனை. இது ஒரே நாளில் நடப்பதில்லை, அதனால்தான் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

எப்படி நடக்கும் என்று பாருங்கள். ரோட்டோரம் இருக்கிற ஒரு வயலில் முதலில் வரப்பை உயர்த்தி வாழை வைப்பார்கள். இரண்டு வருடம் கழித்து வாழைக்கு நடுவே தென்னம்பிள்ளை. அதற்குள் மேல்மடையை யாரோ அடைத்திருப்பார்கள், பின்னால் இருக்கிற வயல்காரருக்குத் தண்ணீர் வராது. அவர் ஒரு பூ (போகம்) தரிசு போடுவார், இரண்டாவது பூவும் போடுவார், பிறகு அவரே புரோக்கரைத் தேடிப் போவார். ஒரு சனிக்கிழமை ராத்திரி செம்மண் லாரி வரும், திங்கட்கிழமை பார்த்தால் ரோடு மட்டத்துக்கு மண் நிற்கும். அப்புறம் கல் நடுவார்கள், மஞ்சள் பெயின்ட் அடிப்பார்கள், அஞ்சு சென்ட், ஏழு சென்ட் என்று போர்டு வைப்பார்கள். நன்செய் நிலத்தை மனையாக்க வேளாண்மைத் துறையின் தடையின்மைச் சான்றும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதியும் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வயல் வயலாக இல்லாமல் போன பிறகு அந்தக் காகிதத்தைக் கேட்டு என்ன பயன்?

2021 நவம்பர் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். வயலுக்கு நடுவே நிரப்பிக் கட்டிய வீடுகள் பலவற்றில் தண்ணீர் ஏறியது, ஏனென்றால் அது தண்ணீர் நிற்கிற இடம், நாம்தான் வழியை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் ஈரநிலங்களாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டன. குளத்தைக் காப்பாற்றிவிட்டுச் சுற்றியிருக்கிற ஏலாவை மனை போட்டால், அந்தக் குளத்துக்கு வருகிற பறவைக்கு இரையும் இல்லை, குளத்துத் தண்ணீருக்குப் போக இடமும் இல்லை.

இப்போது யோசியுங்கள். டவுனுக்குள் ஒருவருக்கு வீடு கிடைக்காவிட்டால் அவர் எங்கே போவார்? வயலுக்குத்தான். டவுனில் நாலு மாடியை எதிர்த்துக் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும், தெரியாமலேயே, எங்கோ ஒரு ஏலாவில் லாரி மண்ணுக்கு வழிவிடுகிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது இந்த ஒரு இடத்தில்தான்.

மாடி கட்டினால் உண்மையிலேயே செலவு குறையுமா? கணக்குக் காட்டுங்கள்.

காட்டுகிறேன். டவுனுக்குப் பக்கத்தில் சென்ட் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், இதைவிடக் கூடவும் குறையவும் இருக்கிறது, கணக்குக்காகத்தான். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி, மனை விலை 30 லட்சம். ஆயிரம் சதுர அடி வீடு கட்ட, சதுர அடிக்கு 2,200 ரூபாய் போட்டால், 22 லட்சம். ஒரே குடும்பம் தனி வீடு கட்டினால் மொத்தம் 52 லட்சம்.

அதே மனையில் கீழே வண்டி நிறுத்த இடம், மேலே தளத்துக்கு ஒன்றாக மூன்று வீடு என்று கட்டினால், மனைப் பங்கு ஆளுக்கு 10 லட்சம், கட்டுகிற செலவு 22, படிக்கட்டு, தூண் தளம், பொதுத் தொட்டி என்று ஆளுக்கு இன்னொரு 4 லட்சம் போடுங்கள், ஆக 36. வீட்டுக்கு 16 லட்சம் குறைகிறது. இரண்டு பேர் சம்பாதிக்கிற ஒரு குடும்பத்துக்கு லோன் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2 தருகின்றன, அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். 5 சென்ட்டில் 4,356 சதுர அடி. ரோட்டு அகலம், பக்க இடைவெளி, வண்டி நிறுத்தம் இவற்றைப் பொறுத்து அத்தனையும் கிடைக்காமல் போகலாம், ஆனால் மூன்று வீட்டுக்கு இடம் இருக்கிறது. நம் தெருக்களில் பெரும்பாலும் இதில் பாதிகூடக் கட்டியிருக்க மாட்டோம்.

ஆனால் நம்ம ஊர்ப் பழக்கம் தனி வீடு, சுற்றிலும் தோட்டம். பிளாட் எல்லாம் சென்னைக்காரர்களுக்குத்தானே?

மேற்கே பார்த்தால் அப்படித் தோன்றும். கிழக்கே வாருங்கள். கோட்டாறு, வடசேரி, சுசீந்திரம் பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தான் இருக்கிறது, முன்பக்கம் திண்ணை, உள்ளே நீளவாக்கில் கட்டு கட்டாகப் போகும், பின்னால் கிணறு. நாஞ்சில் நாட்டுக் கிராமங்கள் எல்லாமே வயலை விட்டுவிட்டுத் தெருவுக்குள் நெருங்கி உட்கார்ந்தவை, விளைகிற மண்ணில் வீடு கட்டக்கூடாது என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. கடற்கரைக்குப் போனால் குளச்சல், கடியபட்டணம், இனயம், தூத்தூர் எல்லாம் எவ்வளவு நெருக்கம்! அங்கேயும் கல்யாணம் நடக்கிறது, திருவிழா நடக்கிறது, பிள்ளைகள் படித்துப் பெரிய வேலைக்குப் போகிறார்கள்.

கட்டட விதிகளிலேயே தொடர் கட்டடப் பகுதி என்று ஒன்று உண்டு, அங்கே பக்கச் சுவர் ஒட்டிக் கட்டலாம். பத்து மாடிக் கோபுரம் நான் கேட்கவில்லை. மூன்று, நாலு மாடி, தளத்துக்கு ஒன்றோ இரண்டோ வீடு, தெருவைப் பார்த்த வாசல். நம்ம தெரு தாங்கும்.

தண்ணீர்? சாக்கடை? இதற்கு யாரும் பதில் சொல்வதே இல்லை.

எதிர்ப்புகளிலேயே நியாயமானது இதுதான், தட்டிக்கழிக்கக் கூடாது.

முதலில் இப்போது இருக்கிற நிலைமை. நாலு சென்ட் மனையில் முன்னால் கிணறு அல்லது போர், பின்னால் செப்டிக் டேங்க். நடுவே இருபது அடி இருந்தால் பெரிது. பக்கத்து வீட்டுக்காரரின் டேங்க் உங்கள் கிணற்றுக்கு இன்னும் கிட்டே இருக்கும். ஐம்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள், மூன்று நாலு சென்ட் துண்டுகளில் அது நடக்கவே நடக்காது. ஆக, தனித்தனி வீடாக இருந்தால் சாக்கடைப் பிரச்சினை இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாததால் வந்த நம்பிக்கை. எட்டு வீட்டுக்கு எட்டு டேங்க் தோண்டுவதைவிட, எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒழுங்காக ஒரு சுத்திகரிப்புத் தொட்டி கட்டுவது நிலத்தடி நீருக்கு நல்லது. அதை யார் பார்த்துக்கொள்வது, மாதாமாதம் செலவு யார் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்க வேண்டும்.

நாகர்கோவிலில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே போகிறது. தெருவைத் தோண்டிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வராதது நியாயம். குடிநீருக்கு முக்கடல் அணையை மட்டும் நம்பி ஒவ்வொரு கோடையிலும் டவுன் திண்டாடியதால்தான் புத்தன் அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் போட்டார்கள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு கிலோமீட்டர் பைப் போட்டால் அதில் நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கும் இருநூறு வீட்டுக்குக் கொடுப்பதற்கும் ஒரு வீட்டுக்கு விழும் செலவில் பெரிய வித்தியாசம். விளைக்கு விளை சிதறிக் கிடக்கிற வீடுகளுக்கு ரோடும் பைப்பும் லைட்டும் போட்டே பேரூராட்சிப் பணம் கரைகிறது.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. புதுக் கட்டடத்தில் அந்தக் குழி உண்மையில் இருக்கிறதா, வரைபடத்தில் மட்டும் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், சண்டை போட வேண்டிய இடம் அது.

யார் யாரோ வந்து குடியேறிவிடுவார்களே?

இதைப் பலரும் வேறு வார்த்தையில் சொல்வார்கள். பார்க்கிங், பாதுகாப்பு, ஊர் அமைதி என்பார்கள். கொஞ்ச நேரம் பேசினால் அடியில் இருப்பது வேற்றுச் சாதி, வேற்று மதம், தனியாக இருக்கிற பெண், இந்தி பேசுகிற பையன். இதற்கு நான் சுற்றி வளைத்துப் பதில் சொல்லப் போவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் மஸ்கட்டிலும் இதே கேள்வியைச் சந்தித்து, அவமானப்பட்டு, வீடு தேடி அலைந்திருக்கிறார்கள். ஒரு வீட்டை யாருக்கு விடுவது என்பதை ஊர் கூடித் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது.

நிறையக் கட்டினால் விலை குறையும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

உத்தரவாதம் கிடையாது. வெளியே என்ன நடந்தது என்று பார்க்கலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் 2016-இல் குடியிருப்புப் பகுதிகளில் சுமார் முக்கால் பங்கு இடத்தில் கூடுதல் நெருக்கமாகக் கட்ட அனுமதித்தார்கள். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் புது வீடுகளுக்கான அனுமதி வேகமாகக் கூடியது, அதில் சுவர் ஒட்டிய சின்ன வீடுகள் ஏராளம். வாடகை ஏறும் வேகம் மட்டுப்பட்டது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், எவ்வளவு என்பதில் அவர்களுக்குள் வாதம் உண்டு. அமெரிக்காவின் மினியாபோலிஸ் 2018-இல் ஒரு மனைக்கு ஒரே வீடு என்ற கட்டுப்பாட்டை நீக்கத் தீர்மானித்தது, கலிபோர்னியாவில் 2022 தொடக்கத்தில் அதே வழியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கெல்லாம் சட்டமே தடுத்தது, சட்டத்தை மாற்றினார்கள்.

நம்மிடம் சட்டம் அந்த அளவுக்குத் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மனு, வழித்தகராறு, பட்டாவில் பெயர் மாறாதது, பேங்க் தயங்குவது, இவைதான் தடுக்கின்றன. அதோடு மனையை வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருக்கிற வெளிநாட்டுப் பணம் நம் பக்கத்தில் நிறைய. அதனால் விலை அப்படியே சரிந்து விழும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். மனையின் விலை குறையாவிட்டாலும், ஒரு மனையில் மூன்று வீடு வந்தால் வீட்டின் விலை குறையும். மேலே போட்ட கணக்கு அதுதான்.

அனுமதி வாங்குவது பெரிய அலைச்சல் இல்லையா?

சின்ன வீட்டுக்கு இப்போது அவ்வளவு இல்லை. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், கீழ்த்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியவுடன் அனுமதி வந்துவிடும். அப்பா கட்டிய வீட்டுக்கு மேலே பிள்ளைக்கு ஒரு தளம் எடுக்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எடுப்பதற்கு முன் பழைய அஸ்திவாரமும் வார்ப்பும் தாங்குமா என்று ஒரு இன்ஜினியரிடம் காட்டுங்கள், கொத்தனார் வாய்வார்த்தை போதாது. அதற்கு மேல் போனால் வழக்கமான முறைதான். மலையோரக் கிராமங்களில் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்து வரும்.

வசதி இல்லாதவர்களுக்கு அரசு வீடு தருகிறதே?

தருகிறது, ஆனால் நம் மாவட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். அது ஊராட்சிகளுக்கு மட்டும். பிரதமர் வீட்டுத் திட்டத்தின் கிராமப் பிரிவும் அப்படித்தான். குமரியிலோ 2011 கணக்குப்படி 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். நகர்ப்புறம் என்றால் என்ன? ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள்தான் அதில் பெரும்பகுதி, ரப்பர் விளையும் மரவள்ளித் தோட்டமுமாக இருக்கிற ஊர்கள். ஓட்டு வீட்டில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருக்கிற ஒரு குடும்பம், பேரூராட்சி எல்லைக்குள் இருப்பதாலேயே கிராமத் திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. நகர்ப்புறப் பிரிவில் விண்ணப்பிக்கலாம், அதில் சொந்த மனையில் கட்டிக்கொள்ள மத்திய அரசின் பங்கு 1.5 லட்சம், மாநிலப் பங்கு தனி. ஆனால் பெயரில் பட்டா வேண்டும். புறம்போக்கிலும் சானல் கரையிலும் இருப்பவர்களிடம் அதுதானே இல்லை. நம் எம்.எல்.ஏ.க்களிடம் கேட்க வேண்டியது இதை: பேரூராட்சி என்ற பெயருக்காகக் குடும்பங்களைத் தள்ளாதீர்கள்.

கடற்கரை ஊர்களில் என்ன செய்வது? அங்கே இடமே இல்லையே.

உண்மையிலேயே இல்லை. முன்னால் கடல் தின்கிறது, பின்னால் ஏவிஎம் கால்வாயும் தென்னந்தோப்பும். 2004 சுனாமியில் கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் பட்டதை எழுதத் தேவையில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிப்படி, கிராமப்புறக் கடலோரத்தில் அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை பொதுவாகப் புதுக் கட்டுமானம் கூடாது. 2019 அறிவிக்கை நெருக்கமான ஊர்களுக்கு அதை 50 மீட்டர் ஆக்கியது. மீனவக் குடும்பங்கள் அங்கேயே இருக்கத்தான் வேண்டும், வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளி மாடி வீட்டில் இருக்க முடியாது. சுனாமிக் குடியிருப்புகளில் ஒரு குடும்பத்துக்குக் கட்டிய சின்ன வீட்டில் இன்று இரண்டு தலைமுறை. தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டுக் கரையைக் காப்பது, சர்ச்சுக்குப் பின்பக்கம் கிடக்கிற நிலங்களை வாங்கி அதே ஊர்க்காரர்களுக்கு இரண்டு மூன்று மாடியாகக் கட்டுவது, இந்த இரண்டும் சேர்ந்துதான் நடக்க வேண்டும்.

நிறையக் கட்டினால் நிறையக் கல் உடைக்க வேண்டும். மலை போகாதா?

போகும், அதனால்தான் எப்படிக் கட்டுகிறோம் என்பது முக்கியம். மூன்று தனி வீட்டுக்கு மூன்று அஸ்திவாரம், மூன்று மேற்கூரை, மூன்று காம்பவுண்ட் சுவர். நம் மாவட்டத்தில் காம்பவுண்ட் சுவருக்கே எவ்வளவு கல் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டினால் ஒரு அஸ்திவாரம், ஒரு கூரை, ஒரு சுவர். இங்கிருந்து எல்லை தாண்டிப் போகிற கனிம லாரிகளை நிறுத்துவது தனிப் போராட்டம், அதையும் ஆதரிக்கிறேன்.

மனையோ பிளாட்டோ வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

அங்கீகாரமில்லாத மனை என்றால் தொடாதீர்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தத்தான் 2017-இல் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு துண்டு போட்டவை பதிவுக்கே தகராறு. பழைய வருவாய்ப் பதிவில் அந்தச் சர்வே எண் நன்செய்யா என்று கேளுங்கள். மேலே இப்போது தென்னை நிற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிளாட் என்றால், எட்டு வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ உள்ள திட்டம் ரெராவில் (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவாகியிருக்க வேண்டும், எண்ணைக் கேட்டு இணையத்தில் பாருங்கள். பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு என்பது பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் ஆகும், அதையும் லோன் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

என் வீட்டுக்குப் பக்கத்திலேயே நாலு மாடி வருகிறது. நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

வேண்டாம், கேளுங்கள். ஆனால் கட்டாதே என்று கேட்பதற்குப் பதிலாக, ஒழுங்காகக் கட்டு என்று கேளுங்கள். அனுமதி வாங்கிய வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கலாம். உங்கள் பக்கம் விட வேண்டிய இடைவெளி தரையில் அளந்தால் இருக்கிறதா, கீழ்த்தளம் வண்டிக்குத்தானா அல்லது கடைக்குப் போகிறதா, கழிவுநீர் எங்கே விழுகிறது, ஓடையை மூடினார்களா, உங்கள் கிணற்றிலிருந்து தொட்டி எவ்வளவு தூரம். இதில் ஒன்று தப்பாக இருந்தாலும் எழுத்தில் புகார் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஊராட்சி என்றால் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் வார்டு குழுவும் பகுதி சபையும் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஊருக்கான மாஸ்டர் பிளான் வரைவு வெளிவரும்போது சட்டப்படி பொதுமக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும், அந்த வரைபடத்தில் எந்த ஏலா வயலாகவே நிற்கிறது, எந்த ஏலா குடியிருப்பு மஞ்சளுக்கு மாறியிருக்கிறது என்று சர்வே எண்ணை வைத்துப் பார்த்து, மாறியிருந்தால் அந்தக் கெடு முடிவதற்குள் ஆட்சேபணையைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.